வால்வில் புரோபேன் கசிகிறது: டேங்கையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோமில் சேஸியோடு சேர்த்துப் பொருத்திய புரோபேன் டேங்க் இருக்கிறது. வால்வைத் திறந்தால் லேசாக வாடை வருகிறது, மூடினால் நின்றுவிடுகிறது. ஒரு பட்டறையில் டேங்கையே மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு பட்டறையில் வால்வு மட்டும் போதும் என்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: வால்வை மாற்றுவதுகூடத் தேவைப்படாமல் போகலாம். மூடினால் வாடை நிற்கிறது என்றால், கசியும் இடம் வால்வின் அடைப்பைத் தாண்டி வெளிப்பக்கம் இருக்கிறது. வால்வின் அருகே முதலில் சந்தேகப்பட வேண்டியவை மூன்று இடங்கள்: கைப்பிடித் தண்டைச் சுற்றியுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்), வால்வும் ரெகுலேட்டருக்குப் போகும் குழாயும் சேரும் இணைப்பு, ரெகுலேட்டர். டேங்கோ, டேங்கில் வால்வு இறங்கும் மரையோ கசிந்தால் மூடினாலும் கசியும். டேங்கை மாற்றச் சொன்னவரிடம் எந்த இடத்தில் நுரை வந்தது என்று கேளுங்கள். அதைக் காட்ட முடியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

நீங்களே பார்க்கலாம். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜும் ஹீட்டரும் தானாகப் பற்றவைத்துக்கொள்ளும் வகை என்பதால் சுவிட்சையே அணைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் தடவுங்கள். அமோனியாவோ குளோரினோ உள்ள சோப்பு ஆகாது. அமோனியா பித்தளையில் வெடிப்பு விழச் செய்யும், குளோரின் உலோகத்தை அரிக்கும். முதலில் வால்வை மூடிவைத்து, பிறகு மெதுவாகத் திறந்து, இரண்டு நிலையிலும் தடவிப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடமாவது கவனியுங்கள். சின்னக் கசிவு குமிழாகப் பொங்காது, வெள்ளை நுரையாக மெல்லத் திரளும்.

நுரை கைப்பிடித் தண்டில் வந்தால் ஓ-ரிங் தேய்ந்துவிட்டது. அதற்கென்று ஸ்பேனர் போட்டு வால்வை முறுக்கி மூடினால் உள்ளே இருக்கும் மென்மையான அடைப்பு நசுங்கும். அதன்பின் மூடினாலும் கசிய ஆரம்பிக்கும். இணைப்பில் வந்தால் முதலில் அதைச் சரியாக இறுக்குங்கள். பி.ஓ.எல். வகை இணைப்பு இடமரை, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் இறுகும். இது தெரியாமல் கழற்றியவர்கள் நிறைய. அந்த இணைப்பில் டேப் சுற்றக் கூடாது. அதை அடைப்பது மரையல்ல, வால்வுக்குள் நுழைந்து அழுந்தும் மூக்கு போன்ற முனை. மூக்கில் கீறல் விழுந்திருந்தால் அந்த இணைப்பை மாற்ற வேண்டியதுதான். ரெகுலேட்டரின் மூச்சுத்துளையில் நுரை வந்தால் உள்ளே டயாஃபிரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கும். ரெகுலேட்டரைப் பிரித்துச் சரிசெய்ய முயல வேண்டாம், புதிதாகவே போடுங்கள்.

டேங்க் காலியாகும் தறுவாயில் வாடை கூடித் தெரிவது வேறு விஷயம். வாடைக்காகக் கலக்கும் எத்தில் மெர்காப்டன், புரோபேனைவிட மெதுவாக ஆவியாகும். அதனால் அடியில் மிஞ்சும் திரவத்தில் அதன் அளவு கூடிவிடுகிறது.

கேள்வி: நிரப்பி வந்த பிறகு சிறு திருகின் பக்கம் 'உஸ்' என்கிறது. திருகை இறுக்கினால் போதுமா?

பதில்: அது 80 சதவீத அளவைக் காட்டும் திருகு. நிரப்பும்போது அதிலிருந்து வெண்மையாகத் திரவம் தெறித்தால் நிரப்புவதை நிறுத்த வேண்டும். நிரப்பியவர் அரைகுறையாக மூடியிருக்கலாம், திருப்புளியால் மென்மையாக மூடுங்கள். பிறகும் சத்தம் வந்தால் திருகின் முனை கீறலாகியிருக்கும், அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். திருகை முழுவதுமாகக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: வெயில் நேரத்தில் பாதுகாப்பு வால்விலிருந்து வாயு பீச்சியது. அதை அடைத்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. அழுத்தம் எல்லை மீறினால் திறப்பதுதான் அதன் வேலை. பெரும்பாலும் காரணம் அளவுக்கு மேல் நிரப்பியது. புரோபேன் திரவம் சூட்டில் தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும், அதனால்தான் 20 சதவீத இடம் காலியாக விடுகிறார்கள். ஒருமுறை திறந்த வால்வில், அடைப்பு உட்காரும் இடத்தில் தூசி ஒட்டினால் முழுதாக மூடாமல் கசிந்துகொண்டே இருக்கலாம். தட்டிப் பார்க்காமல், அதே அழுத்த அளவில் புதிது வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: வால்வையே மாற்ற வேண்டும் என்றால் இணையத்தில் வாங்கி நானே பொருத்தலாமா?

பதில்: வாங்கலாம், பொருத்த வேண்டாம். வாங்கும்போது எல்லோரும் மரையின் அளவைத்தான் பார்க்கிறார்கள். அளவுத்திருகு வால்விலேயே சேர்ந்து வந்தால், உள்ளே தொங்கும் குழாயின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 80 சதவீதம் என்று சொல்வது அந்தக் குழாயின் அடிமுனைதான். குழாய் தேவையைவிடக் குட்டையாக இருந்தால், திரவம் முனையைத் தொடுவதற்குள் டேங்க் அளவைத் தாண்டி நிரம்பிவிடும். வெளியில் கசிவு நின்று, மறுபடி நிரப்பும்போது பெரிய ஆபத்து காத்திருக்கும். டேங்கின் பெயர்த்தகட்டிலோ பழைய வால்விலோ அந்த நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்வை மாற்ற, டேங்கை முழுவதும் காலி செய்ய வேண்டும். திரவம் ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 270 லிட்டர் வாயு. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, பள்ளத்திலும் வண்டியின் அடியிலும் தங்கும். காற்றில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே போனாலே பற்றிக்கொள்ளும். ஆகவே திறந்துவிட்டுக் காலி செய்வது வேலைக்காகாது. உரிமம் உள்ளவர் பம்ப் செய்தோ பாதுகாப்பாக எரித்தோ காலி செய்வார். புது வால்வு போட்டபின் டேங்குக்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் புரோபேன் ஆவியால் பலமுறை அழுத்தி வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாமல் நிரப்பினால் ஈரம் ரெகுலேட்டரில் உறைந்து அடுப்பு அடிக்கடி அணையும். வேலை கொடுக்கும் முன் இந்த இரண்டும் கூலியில் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள், ரசீதில் கசிவுச் சோதனை செய்த விவரமும் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்பாகவே வண்டிக்குள் வாடை அடர்ந்திருந்தாலோ, கசிவு உரக்கச் சீறினாலோ, வால்வில் பனி படிந்தாலோ, சுவிட்ச் எதையும் தொடாமல், எஞ்சினைக் கிளப்பாமல் எல்லோரும் இறங்கிக் காற்று வீசிவரும் பக்கமாகத் தள்ளிப் போய்த் தீயணைப்புத் துறையை அழையுங்கள். கைக்கு எட்டினால் மட்டும் போகும்போது வால்வை மூடலாம்.