வெளிநாடு கிளம்பும்போது கிரெடிட் கார்டு பாக்கி: கேள்வி பதில்

முப்பத்தோரு வருடம் வங்கியில் இருந்தேன். அதில் கடைசி ஒன்பது வருடம் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கார்டுக் கடன் வசூல் பிரிவு. ஆம்பூர், பேரணாம்பட்டிலிருந்து வளைகுடாவுக்கு, காட்பாடியிலிருந்து அமெரிக்காவுக்கு, நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்துக்கு என்று வீட்டுக்கு ஒருவர் கிளம்புகிற பூமி இது. கிளம்புகிற அவசரத்தில் கார்டு பாக்கியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் இங்கே இருக்கிற அம்மா அப்பாதான் வாசலில் நிற்கிற ஆளுக்குப் பதில் சொல்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சம்மன் கைக்கு வந்துவிட்டவர்கள் சத்துவாச்சாரி கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

குடியாத்தம்: சார், இரண்டு கார்டில் 1,80,000 ரூபாய் பாக்கி. அடுத்த மாதம் தோஹாவில் வேலை. ஏர்போர்ட்டில் பிடிப்பார்களா?

கார்டு பாக்கி என்பது சிவில் கடன் தம்பி. கட்டவில்லை என்பதற்காக மட்டும் போலீஸ் வராது, இமிக்ரேஷனில் பெயரும் ஏறாது. லுக் அவுட் சர்க்குலர், அதாவது நாட்டைவிட்டுப் போகாமல் ஏர்போர்ட்டில் நிறுத்தச் சொல்லும் உத்தரவு என்று பயமுறுத்துவார்கள். அது பெரிய மோசடி வழக்குகளுக்கு உண்டானது. பொதுத்துறை வங்கித் தலைவர்கள் அதை நேரடியாகக் கேட்டு வாங்கும் அதிகாரத்தையே 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. நீங்கள் பயப்பட வேண்டியது இரண்டுக்கு. ஒன்று, காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால், செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவு. அது கிரிமினல் வழக்கு, இரண்டு வருடம் வரை சிறை உண்டு. இரண்டு, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, பணம் இல்லாமல் திரும்பினாலும் 2007-ம் வருடத்துப் பணம் செலுத்தல், தீர்வு முறைகள் சட்டப்படி அதே தண்டனை. அதனால் வசூலுக்கு வருகிறவர் "சும்மா ஒரு செக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றால் கொடுக்காதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். மாதம் 3.5 சதவீத வட்டி என்று வையுங்கள். 1,80,000-க்கு 6,300 வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,134. மொத்தம் 7,434. நீங்கள் 9,000 கட்டினால் அசலில் குறைவது 1,566 ரூபாய்தான். பில்லில் போட்டிருக்கும் மினிமம் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு தோஹாவில் இருந்தால் வருடக்கணக்கில் இழுக்கும். இந்த ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டியது என்ன? கார்டை இன்றே உபயோகிப்பதை நிறுத்துங்கள். வங்கியில் பேசி பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றக் கேளுங்கள், வட்டி பெரும்பாலும் பாதிக்கும் கீழே வரும். வேலைக்குப் போனபின் உங்கள் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் இருப்பவர் இங்கே ரூபாயில் வைக்கும் கணக்கு) மாற்றியாக வேண்டும், தவணை அதிலிருந்து போகட்டும். இந்த ஊர் சிம்முக்கு ரோமிங் போட்டு உயிரோடு வையுங்கள். ஓடிபி வராமல் கட்ட முடியாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வங்கி எதைச் சொன்னாலும் எழுத்தில் வாங்குங்கள்.

வாணியம்பாடி: மகன் கார்டு கடனுக்கு எங்கள் வீட்டை எடுப்பார்களா?

எடுக்க முடியாதம்மா. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை என்றால் அந்தக் கடனுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. வீடு மகன் பெயரில் இருந்தால் பேச்சு வேறு, கோர்ட் தீர்ப்பு வாங்கிய பிறகு ஜப்தி கேட்கலாம். வீட்டுக்கு வருகிறவரிடம் "மகனிடம் பேசுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சோளிங்கர்: ஏர்போர்ட்டில் நிறுத்துவார்களா சார்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஆம்பூர்: இவ்வளவு எதற்கு சார்? மூன்று வருடம் கழிந்தால் கடன் செத்துவிடும். என் சித்தப்பா பையன் ஷார்ஜாவில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தான். ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நம் பக்கத்தில் பாதிப்பேர் விமானம் ஏறுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வழக்குப் போட மூன்று வருடக் கெடு என்பது உண்மை. 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டம். ஆனால் அதே சட்டத்தின் 15-வது பிரிவு, 5-வது உட்பிரிவைப் பாருங்கள். கடனாளி இந்தியாவில் இல்லாத நாட்களை அந்தக் கெடுவில் சேர்க்கக் கூடாது. உங்கள் தம்பி ஷார்ஜாவில் இருந்த ஐந்து வருடமும் கடிகாரம் நின்றுதான் இருந்தது. திரும்பி வந்திருக்கிறான், இப்போது மறுபடி ஓடுகிறது. யாரும் கேட்கவில்லை என்றால் இன்னும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆம்பூர்: வெளிநாட்டில் இருப்பவன் மேல் எப்படி சார் வழக்குப் போடுவார்கள்?

கடைசியாகக் கொடுத்த முகவரிக்குச் சம்மன் போகும். பூட்டிய வீடு, யாரும் வாங்கவில்லை. கதவில் ஒட்டிவிட்டோ பேப்பரில் விளம்பரம் கொடுத்தோ வழக்கை நடத்துவார்கள். எதிர்வாதமே இல்லாமல் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிடும். அந்தத் தீர்ப்பை 12 வருடம் வரை நிறைவேற்றலாம். மூன்று வருடத்தை நம்பி ஓடியவர் பன்னிரண்டு வருடத்தில் போய் மாட்டுகிறார். பத்து வருடம் உழைத்து ஊரில் ஒரு மனை வாங்குகிறார், அந்த மனைமேல் ஜப்தி வருகிறது. என் பணிக்காலத்தில் இதைப் பார்த்தேன். அந்த மனிதர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுததை இன்னும் மறக்கவில்லை.

அரக்கோணம்: நான் வக்கீல் ஆபீஸில் இருக்கிறேன். நீங்கள் சொல்வதில் ஒன்று விட்டுப்போயிற்று. கெடு முடிந்தாலும் கடன் சாவதில்லை, கோர்ட் கதவு மட்டும்தான் மூடும். அப்புறம், கெடுவுக்குள் "கட்டிவிடுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து.

மிகச் சரி, நன்றி. பகுதிப் பணம் கட்டினாலும் அப்படித்தான். மெயிலும் எழுத்துதான் என்பதை நினைவில் வையுங்கள். அதற்காக எழுதாமல் ஒளியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பேசி முடிக்கப் போகிறவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆம்பூர்: வருடம் 42 சதவீதம் வட்டி வாங்குகிறவனுக்கு எதற்கு சார் கட்ட வேண்டும்? அது கந்துவட்டி இல்லையா?

கோபம் நியாயம்தான். எனக்கும் அந்த வட்டியில் உடன்பாடு இருந்ததில்லை. 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்றது. 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆக, வட்டி அதிகம் என்ற வாதம் கோர்ட்டில் உங்களைக் காப்பாற்றாது. பேரத்தில் காப்பாற்றும். பாக்கி நாள்பட்டால் வட்டி, அபராதத்தில் பெரும்பகுதியைத் தள்ளி ஒரே தொகையாக முடிக்க வங்கியே முன்வருகிறது. விலை என்னவென்றால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று ஏறும். முழுதும் கட்டினால் "குளோஸ்டு". செட்டில்டு என்று இருந்தால் நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது முகம் சுளிப்பார்கள். முடிந்தால் முழுதும் கட்டுங்கள். முடியவே முடியாது என்றால் செட்டில்மென்ட் தவறில்லை, ஓடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். கடிதம் கைக்கு வந்தபிறகுதான் பணம். போனில் சொன்னதை நம்பிக் கட்டாதீர்கள். இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மேல்விஷாரம்: என் கதை தலைகீழ் சார். துபாயில் 22,000 திர்ஹம் கார்டு பாக்கி வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். செக்யூரிட்டி செக் அவர்களிடம் இருக்கிறது.

பாய், இங்கே வந்துவிட்டதால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் மத்திய அரசு ஒரு அறிவிக்கை வெளியிட்டது. அமீரகக் கோர்ட் கொடுக்கும் பணத் தீர்ப்பை சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவில் இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றலாம். இங்கிலாந்து, சிங்கப்பூர் தீர்ப்புகளுக்கும் அப்படித்தான். அமெரிக்கத் தீர்ப்புக்கு அது இல்லை, அவர்கள் இங்கே தனியாக வழக்குப் போட வேண்டும். செக் விஷயத்தில் கொஞ்சம் ஆறுதல்: பணம் இல்லாமல் செக் திரும்புவதை 2022 ஜனவரி முதல் அங்கே பெரும்பாலும் சிவில் விஷயமாக்கிவிட்டார்கள். ஆனால் பயணத் தடை போட்டிருக்கலாம். மறுபடி வேலைக்கோ, துபாய் வழியாக விமானம் மாறவோ போகுமுன் அங்குள்ள ஒரு வக்கீல் மூலம் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வங்கிக்கு நீங்களாகவே மெயில் போட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

சத்துவாச்சாரி: நான் லண்டனில் நர்ஸ். ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்து அசிங்கமாகப் பேசுகிறார்கள்.

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் கொதிக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனாளியையே கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவு போட்டிருக்கிறது. கடன் வாங்காத அம்மாவை மிரட்ட யாருக்கும் உரிமை இல்லை. அம்மாவிடம் சொல்லி ஒவ்வொரு அழைப்பின் தேதி, நேரம், எண் எழுதி வைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் பதிவு செய்யட்டும். வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயிலில் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், வங்கிகள் மேலான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன். லண்டனிலிருந்தே இணையத்தில் போடலாம், செலவில்லை. ஊரில் இருப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் விவரம் கேட்கலாம். அதே மெயிலில் உங்களால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். புகாரும் கட்டும் எண்ணமும் ஒன்றாக இருந்தால் வங்கி இறங்கி வரும்.

திருப்பத்தூர்: லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்திருக்கிறது. மகன் அயர்லாந்தில். போகாவிட்டால் கைது செய்வார்களா?

மாட்டார்கள். அது சமரசத்துக்கு அழைப்பு. போகலாம், போனால் நல்ல குறைப்பு கிடைக்கும். ஆனால் மகன் எழுதிக் கொடுத்த அதிகாரத்தோடுதான் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே ஆன முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. கட்ட முடியாத தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆரணி: நகைக் கடன் ஏலம் பற்றி...

அது வேறு பிரிவு. உங்கள் கிளை மேலாளரைப் பாருங்கள்.

நெமிலி: ஏர்போர்ட்டில்...

மூன்றாவது முறை. மேலே இருக்கிறது, தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

காட்பாடி: பாக்கி எதுவும் இல்லை சார். மேற்படிப்புக்கு டெக்சஸ் போகிறேன். கார்டை அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நீங்கள் இல்லாதபோது வருடக் கட்டணம் ஏறும், பில் பழைய முகவரிக்கு வரும், அதன்மேல் அபராதம், வட்டி. திரும்பி வரும்போது சிபில் கெட்டிருக்கும். மூடச் சொல்லி எழுதுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்கு வங்கி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒன்று இலவசம். மூடிய கடிதத்தில் ஒரு நகல் உங்கள் மெயிலில், ஒரு நகல் வீட்டு பீரோவில், அம்மாவுக்குத் தெரிந்த இடத்தில்.