நுகர்வோர் கேள்வி-பதில்: எட்மன்டன் காருக்குச் சென்னையில் ஹீட்டர் வாங்கலாமா?

பிள்ளைகள் குளிர் நாட்டில் இருக்கும் வீடுகளிலிருந்தும், லடாக் கிளம்புகிறவர்களிடமிருந்தும் வந்த கடிதங்கள் இந்த வாரம். எல்லாமே என்ஜின் பிளாக் ஹீட்டர் பற்றியவை.

மகன் கனடாவில் எட்மன்டனில் இருக்கிறான். பழைய கார் வாங்கியிருக்கிறான். பிளாக் ஹீட்டர் இல்லாமல் குளிர்காலம் ஓட்ட முடியாதாம், அங்கே கூலியும் அதிகமாம். இங்கே வாங்கி அனுப்பட்டுமா? — வாசகி, நங்கநல்லூர்

அனுப்பாதீர்கள் அம்மா. மைனஸ் 20 டிகிரியில் என்ஜின் ஆயில் கெட்டித் தேன் போல ஆகிவிடும், பேட்டரியும் சோர்ந்துவிடும். அதனால் என்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலண்டைச் சூடாக்க ஒரு சின்ன மின்சுருளைப் பொருத்தி, வீட்டு பிளக் பாயிண்டில் சொருகி வைப்பார்கள். பெரும்பாலும் 400 முதல் 1,000 வாட் வரை இருக்கும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்க்காரர் ஆண்ட்ரூ ஃப்ரீமன் இப்படியொரு ஹீட்டருக்கு 1949-லேயே காப்புரிமை வாங்கினார்.

சிக்கல் மின்சாரத்தில்தான் இருக்கிறது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. நம்மூர் ஹீட்டரை அங்கே மாட்டினால் கால் பங்கு சூடுதான் வரும். அங்கத்திய ஹீட்டரை இங்கே சொருகிப் பார்த்தால் மூன்றரை மடங்குக்கு மேல் இழுத்து எரிந்துபோகும்.

புது ஹீட்டர் வாங்குவதற்கு முன்னால் மகனை பானட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். முன் கிரில் பக்கம் மூன்று பின் பிளக் ஒன்று தெரிந்தால் ஹீட்டர் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஊர்ப் பழைய கார்களில் இது சகஜம். பிளக்கைச் சுவரில் சொருகாமல் மல்டிமீட்டரை வைத்து மின்தடையைப் பார்க்கட்டும். 400 வாட் ஹீட்டர் என்றால் 36 ஓம் பக்கம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஒயரோ சுருளோ அறுந்திருக்கிறது. ஒயர் மட்டும் என்றால் செலவு கொஞ்சம்தான்.

ராத்திரி முழுக்க ஹீட்டரைப் போட்டு வைக்கணுமா? — வாசகர், வேளச்சேரி

வேண்டாம். கிளம்புவதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்னால் ஓடினால் போதும். டைமர் வாங்கிக் கொடுங்கள்.

ஜனவரியில் டீசல் வண்டியில் லே போகிறோம். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்ததால் ஆன்லைனில் ஒரு ஹீட்டர் வாங்கினேன். மெக்கானிக் பொருந்தாது என்கிறார். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். விற்றவர் யார் என்றும் பார்க்கவில்லை. — வாசகர், மடிப்பாக்கம்

எதைத்தான் சார் பார்த்தீர்கள்? இந்த ஹீட்டர் பிளாக்கின் பக்கவாட்டில் வார்ப்புத் துளையை அடைத்திருக்கும் வட்டத் தகட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் உட்காருவது. துளையின் அளவு என்ஜினுக்கு என்ஜின் மாறும். என்ஜின் மாடலைச் சொல்லாமல் வாங்கவே கூடாது. ஆர்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி விற்பவர் பெயரும் முகவரியும் அங்கே இருந்தாக வேண்டும். பணம் திரும்பக் கேட்டு இன்றைக்கே எழுதுங்கள்.

சரியான ஹீட்டர் கிடைத்தாலும் டேங்கில் இருக்கும் டீசலை அது சூடாக்காது. குளிரில் டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்குக்காகவே மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது. போய்ச் சேர்ந்ததும் அதை நிரப்புங்கள். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருக்கட்டும். விடுதியில் வண்டி நிற்கும் இடத்துக்கு பிளக் பாயிண்ட் வருமா என்று இங்கிருந்தே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னையிலேயே ஓடும் காருக்குப் போடலாமா? — வாசகர், போரூர்

கூடாது.

அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. அதற்காகச் சின்ன டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். 'ஹீட்டர் இல்லாவிட்டால் அவசரத்துக்கு ஸ்டார்ட் ஆகாது' என்று சர்வீஸ்காரர் பயமுறுத்தி 14,000 ரூபாய் வாங்கினார். ஒரே வாரத்தில் ஹோஸ் ஒழுகுகிறது. பில் தரவில்லை, போனும் எடுப்பதில்லை. — வாசகி, கொளத்தூர்

படித்ததும் மனசு பதறியது அம்மா. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. அப்பாவின் மூச்சைக் காட்டிப் பயமுறுத்தினால் யாராக இருந்தாலும் பணத்தை எடுத்துக் கொடுப்பார்கள். கரண்ட் போன சில நொடியில் முழு லோடு எடுக்க வேண்டிய பெரிய மருத்துவமனை ஜெனரேட்டருக்கு ஹீட்டர் உண்டு. மார்கழி விடியலிலும் 20 டிகிரி பக்கம் இருக்கும் ஊரில் வீட்டு ஜெனரேட்டருக்கு அது தேவையே இல்லை. முதலில் வேறொரு மெக்கானிக்கை வைத்து ஒழுகலை நிறுத்துங்கள். கூலண்ட் குறைந்தால் ஹீட்டரும் எரியும், என்ஜினும் போகும்.

அப்புறம் அந்த பில். இதைப் பற்றி நான் எழுதாத மாதம் இல்லை. 'பில் வேணும்னா ஜிஎஸ்டி சேர்த்து ஆகும்' என்று சொல்கிற கடைக்காரர் வரியை மட்டும் தப்பிக்கவில்லை, உங்களிடமிருந்தும் தப்பித்துக்கொள்கிறார். சில வருடம் முன்னால் ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் பில் இல்லாமல் 5 லிட்டர் கூலண்ட் வாங்கினேன். நல்ல பச்சை நிறம். எட்டு மாதம் கழித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே செங்காவித் தண்ணீர், மூடியின் ரப்பரில் துருச் சேறு அப்பியிருந்தது. எனக்கு விற்றது சாயத் தண்ணீர். கடைக்குப் போய்க் கேட்டால், 'எங்ககிட்ட வாங்கினதுக்கு என்ன சார் ஆதாரம்?' என்றார். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. ரேடியேட்டர் மாற்றிய செலவு என் தலையில். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. நீங்கள் பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, ஒழுகும் ஹோஸின் படம், புது மெக்கானிக் எழுதித் தரும் குறிப்பு எல்லாமே ஆதாரம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். அதில் முடியாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 வருடம் அவகாசம். ஆனால் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே கொடுங்கள்.

மகள் வின்னிபெக்கில் வீட்டுக்குள் உபயோகிக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரை வைத்து ஹீட்டர் போடுகிறாள். பிளக் சுடுகிறது என்கிறாள். — வாசகர், தாம்பரம்

இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே, குளிரில் உபயோகிப்பதற்கென்றே விற்கும் மூன்று பின் ஒயர், 14 கேஜ் கனம், எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு மட்டும். சொருகி அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்க்கட்டும். கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த ஒயரையும் தூக்கிப் போட்டுவிட்டு, பிளக் பாயிண்டை எலக்ட்ரீஷியனிடம் காட்டச் சொல்லுங்கள்.