பராக்கு

அன்புள்ள ஐயா,

இயேசுவுக்கே புகழ். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தை ஒவ்வொரு வருடமும் பெரிய திட்டத்தோடுதான் தொடங்குகிறேன். தினமும் செபமாலை, வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, இரவில் நற்செய்தி ஒரு அதிகாரம். நோட்டில் கட்டம் போட்டு டிக் அடிப்பேன். இரண்டாம் வாரத்திலேயே கட்டங்கள் காலியாகிவிடும். செபிக்க உட்கார்ந்தால் ஒரே பராக்கு. முக்கியமாக அக்காவின் நினைப்பு. நான்கு வருடமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை, அது வேறு கதை. இந்தப் பராக்கை விரட்ட நல்ல செபமுறை ஏதாவது சொல்லுங்கள். அலைபேசிச் செயலி வைத்துச் செபிக்கலாமா? ஞாயிறு நாற்பது நாள் கணக்கில் சேருமா? அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை நோய். நோன்பு இருந்தே தீருவேன் என்கிறார். என்ன செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

செயலி உதவினால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாளான புனித சனி வரை எண்ணினால் 46 நாள். 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று நோன்பு கிடையாது. சரி, இவை போகட்டும்.

நான்கு வருடப் பகையை ‘அது வேறு கதை’ என்று ஒரே தாவாகத் தாண்டிப் போய்விட்டீர்களே! அடுத்த வரியில் செபமுறை கேட்கிறீர்கள். வேறு கதையா? உங்கள் கடிதத்தில் கதை என்று இருப்பது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதைப் பார்க்காமல் இருப்பதற்காகப் போட்டுக்கொண்ட கட்டங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். தவக்காலத்தின் முதல் வார வெள்ளிக்கிழமை திருப்பலியில் நற்செய்தியைக் கேட்டதிலிருந்து இதே நினைப்பாக இருந்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

அன்றைய வாசகம் மத்தேயு ஐந்தாம் அதிகாரம். காணிக்கை செலுத்தப் பலிபீடத்தின் முன் வந்து நிற்கும்போது, உன் சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் உறவாடிவிட்டு வா என்கிறார் ஆண்டவர். எத்தனையோ முறை கேட்டதுதான். இந்தமுறைதான் ‘நினைவுக்கு வந்தால்’ என்பது காதில் விழுந்தது. அந்த நினைவு எங்கே வருகிறது? பலிபீடத்தின் முன்னால். இறைவனிடம் பேசவென்று வந்து நிற்கும் அந்த நேரத்தில்தான் அக்காவின் முகம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பராக்கு என்று அவர் சொல்லவில்லை. அதை விரட்டிவிட்டு செபத்தைத் தொடரச் சொல்லவும் இல்லை. செபத்தை நிறுத்திவிட்டுப் போகச் சொல்கிறார். நீங்களோ அவர் அனுப்பி வைத்த நினைப்பை விரட்ட அவரிடமே செபம் கேட்கிறீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். உனக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அங்கே இல்லை, அவருக்கு உன்மேல் இருந்தால் என்றுதான் இருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்ற பேச்சே கிடையாது. ‘தப்பு அவளுடையது, அவளே வரட்டும்’ என்பதற்கு அந்த வசனத்தில் நான் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், இடமே இல்லை.

1992இல் வெளிவந்த ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’ நூலில் 2729ஆம் எண்ணைப் பாருங்கள். பராக்குகளைத் துரத்திக்கொண்டு ஓடினால் அவற்றின் வலையில்தான் விழுவோம், நம் மனம் எதில் ஒட்டிக்கிடக்கிறது என்பதைப் பராக்கு காட்டிக்கொடுக்கிறது என்று அங்கே சொல்லியிருக்கிறது. திருநீற்றுப் புதன் நற்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் அறம், செபம், நோன்பு மூன்றையும் வாசிக்கிறோம். ஆனால் நடுவில் 7 முதல் 15 வரையுள்ள வசனங்களை அன்று வாசிப்பதில்லை. அவற்றுக்காகவே முதல் வாரச் செவ்வாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ‘விண்ணுலகில் இருக்கின்ற எங்கள் தந்தையே’ வருவது அங்கேதான். அந்தச் செபத்தைக் கற்றுக்கொடுத்து முடித்ததும் ஆண்டவர் ஒரே ஒரு மன்றாட்டுக்குத் திரும்பி வந்து விளக்கம் சொல்கிறார். அது உணவைப் பற்றியதும் இல்லை, சோதனையைப் பற்றியதும் இல்லை. மன்னிப்பைப் பற்றியது.

அந்த வரியைப் பற்றி எனக்கு ஒரு நினைவு உண்டு.

எங்கள் வீட்டில் இரவுச் செபமாலையை அப்பா நடத்துவார். அதில் வரும் இந்தச் செபத்தின் முதல் பாதி அவர், மறுபாதி அம்மாவும் நாங்கள் மூன்று பிள்ளைகளும். ‘எங்கள் அனுதின உணவை’ என்று தொடங்கும்போது அம்மாவின் குரல்தான் ஓங்கிக் கேட்கும். ‘எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல’ என்ற இடத்தில் அது நின்றுவிடும். அந்த வரி முழுக்க எங்கள் மூவரின் குரல்தான். ‘எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்’ என்னும்போது மறுபடி வந்து சேர்ந்துகொள்வாள். ஒரு செபமாலைக்கு ஆறு முறை. அது பிள்ளைகள் சொல்ல வேண்டிய வரி என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

அம்மாவும் சித்தியும் பேசாதிருந்த வருடங்கள் அவை. ஒரு கல்யாண வீட்டில் பத்துப்பேர் முன்னால் சித்தி சொன்ன ஒரு வார்த்தை. அம்மா ஒரு சிலுவைப்பாதையைக்கூடத் தவறவிட்டவள் இல்லை, ஒறுத்தலில் யாருக்கும் சளைத்தவளும் இல்லை. ஆனாலும் வாய் கூசாமல் அந்த வரியைக் கடவுளிடம் சொல்ல அவளால் முடியவில்லை. எனக்கு இப்போது தோன்றுகிறது, அவள் செய்த செபங்களிலேயே உண்மையானது அந்த மௌனம்தான். நாமெல்லாம் தடதடவென்று சொல்லிவிட்டுப் போகிறோமே!

ஒரு தவக்காலத்து இரவில், செபமாலையின் மூன்றாம் பத்தில், அந்த வரியில் அம்மாவின் குரல் வந்தது. எங்கள் குரலுக்கு அரைச்சொல் பின்னால், சன்னமாக. அப்பா அடுத்த ‘அருள் நிறைந்த மரியே’யைத் தொடங்கச் சற்று நேரம் பிடித்தது. அன்று காலையில்தான் அவள் சித்திக்குக் கடிதம் போட்டிருக்கிறாள், எனக்குப் பிற்பாடுதான் தெரியும். சித்தியிடமிருந்து பதில் வர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் அம்மா ஒரு நாள்கூட அந்த வரியை விடவில்லை.

ஆகவே ஆர், நோட்டை மூடி வையுங்கள். இன்று இரவு செபிக்க உட்காரும்போது அக்கா வருவார். விரட்டாதீர்கள். அவர் பெயரைச் சொல்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு சொல்லுங்கள், திருப்பாடல்களில் இல்லாத கோபமா! உங்களை அடித்தார், வதைத்தார் என்றால் பேச்சு வேறு. அப்போது மனதளவில் பொறுத்தால் போதும், அந்த வீட்டுப் படி ஏற வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தின் தொனி அப்படி இல்லை. ஒரு வார்த்தையில் தடுக்கி விழுந்த இரண்டு பேர்போலத்தான் தெரிகிறது. பாவங்களை அறிக்கையிட ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகும்போதும் இதை முதலில் சொல்லுங்கள், பட்டியலின் கடைசியில் ஒளித்து வைக்காதீர்கள்.

அம்மாவின் நோன்பைப் பற்றிக் கேட்டதை மறந்தே போனேன். திருச்சபைச் சட்டப்படி நோன்புக் கடமை 18 வயது நிறைந்ததும் தொடங்கி 59 நிறைவதோடு முடிந்துவிடுகிறது. நோயாளிகளுக்கு எந்த வயதிலும் அந்தக் கட்டாயம் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரைப் பட்டினி கிடக்க விடாதீர்கள். நீங்கள் சொல்லிக் கேட்கமாட்டார் என்றால் பங்குத் தந்தையை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் அக்காவைக் கூப்பிடுங்கள். எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு இன்னொரு வருடம் போக்க வேண்டாம். அம்மா சாப்பிடமாட்டேன் என்கிறார், நீ கொஞ்சம் சொல்லேன் என்று ஆரம்பியுங்கள்.