ஆர்.வி. வண்டியில் சேனல்கள் வரவில்லை: ஆன்டெனாவை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அமெரிக்காவில், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஆர்.வி. வண்டி (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்றை அண்மையில் வாங்கினோம். கூரையில், உள்ளிருந்தே கைப்பிடியைச் சுழற்றி உயர்த்தும் சிறகு வடிவ ஆன்டெனா இருக்கிறது. முன்பக்க டிவியில் இரண்டு மூன்று சேனல்களே வருகின்றன; அவற்றிலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. படுக்கையறை டிவியில் ஒரு சேனல்கூட இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியிலோ இருபதுக்கும் மேற்பட்ட சேனல்கள் தெளிவாகத் தெரிகின்றன. புதிய ஆன்டெனா வாங்க வேண்டுமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். பக்கத்து வண்டியில் சேனல்கள் வருவதால் அந்த இடத்தில் சிக்னல் போதுமான அளவு இருக்கிறது என்பது உறுதி. உங்கள் முன்பக்க டிவியில் சிலவாவது வருவதால் ஆன்டெனா முற்றிலும் பழுதாகிவிடவில்லை. ஒரே ஆன்டெனாவை நம்பியிருக்கும் இரண்டு டிவிகளும் இரண்டு விதமாக நடந்துகொள்வதுதான் இதில் முக்கியமான தடயம். கோளாறு பெரும்பாலும் ஆன்டெனாவுக்கும் டிவிக்கும் இடைப்பட்ட பாதையிலோ டிவியின் அமைப்பிலோதான் இருக்கும்.

முதலில் படுக்கையறை டிவியின் மெனுவைத் திறந்து, சேனல் தேடல் 'ஆன்டெனா' அல்லது 'ஏர்' என்ற நிலையில் இருக்கிறதா, 'கேபிள்' என்ற நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இணைப்புக்கான அலைவரிசைகளும் சிக்னலின் வடிவமும் வேறு என்பதால், அந்த நிலையில் எத்தனை முறை தேடினாலும் காற்றுவழிச் சேனல் ஒன்றும் அகப்படாது. முகாமிடங்களில் கேபிள் இணைப்பைப் பயன்படுத்தியவர்கள் இதை மாற்றி வைத்துவிட்டு மறந்துவிடுவது மிகச் சாதாரணம். சரியான நிலைக்கு மாற்றியபின் முழுத் தேடலையும் புதிதாக நடத்துங்கள். வண்டி ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். முந்தைய ஊரின் சேனல் பட்டியல் புதிய ஊரில் பயன்படாது.

அடுத்தது ஆம்ப்ளிஃபையர், அதாவது சிக்னலை வலுப்படுத்தும் கருவி. உங்கள் முன்பக்க டிவியின் நிலைமைக்கு மிகப் பொருத்தமான காரணம் இதுவே என்று நினைக்கிறேன். இவ்வகை ஆன்டெனாக்களின் தலைப்பகுதிக்குள்ளேயே சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கும். அதற்கான 12 வோல்ட் மின்சாரம் தனிக் கம்பியில் போவதில்லை. சிக்னல் இறங்கி வரும் அதே கோஆக்ஸ் கேபிளின் (நடுவில் ஒரு கம்பி உள்ள உருண்டையான டிவி கேபிள்) வழியாகவே மேலே ஏறுகிறது. அதை அனுப்புவது சுவரில் பதித்த ஒரு சிறு பலகை. அதில் ஒரு சுவிட்சும் சிறு விளக்கும் இருக்கும். பல வண்டிகளில் அது அலமாரிக்குள் ஒளிந்திருப்பதால் புதிய உரிமையாளர்கள் கவனிப்பதே இல்லை. விளக்கு எரிந்தால் ஆன்டெனாவுக்கு மின்சாரம் போகிறது. அணைந்திருந்தால் டிவிகள் வெளியிலிருந்து வரும் முகாமிடக் கேபிளோடு இணைக்கப்பட்டிருக்கும். அப்போது மின்சாரம் இல்லாத தலைப்பகுதியிலிருந்து கசிந்து வரும் வலுவான ஓரிரு சேனல்கள் மட்டுமே, அதுவும் உடைந்து உடைந்து, தெரியும்.

விளக்கு எரிந்தும் பயனில்லை என்றால், மின்சாரம் உச்சிவரை போகிறதா என்பதை மல்டிமீட்டர் என்னும் மின் அளவியால் அளக்க வேண்டும். கூரை உலர்ந்திருக்கும்போது, ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஆன்டெனாவின் தலையில் பொருந்தியுள்ள கேபிளைக் கழற்றி, அதன் நடுக்கம்பிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே அளவெடுங்கள். ஏறத்தாழ 12 வோல்ட் காட்ட வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் 13-க்கு மேலும் காட்டலாம். அங்கே மின்சாரம் இருந்தும் சேனல்கள் வரவில்லை என்றால் தலைப்பகுதியைச் சந்தேகிக்கலாம். மின்சாரமே இல்லையென்றால் ஃப்யூஸையும் பலகையையும் கேபிளையும் பாருங்கள். உயர்த்தி இறக்கும் ஆன்டெனாக்களில், ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிரும் கேபிள், சுழலும் அச்சின் அருகேதான் பெரும்பாலும் உள்ளுக்குள் முறியும். வெளித்தோல் நன்றாக இருப்பது எதையும் நிரூபிக்காது. முந்தைய உரிமையாளர் பலகைக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஸ்பிளிட்டர் (ஒரு கேபிளின் சிக்னலைப் பல டிவிகளுக்குப் பிரிக்கும் துண்டு) ஒன்றைச் சேர்த்திருந்தால், மின்சாரத்தைக் கடத்தாத வகை ஸ்பிளிட்டர் அங்கேயே அதை நிறுத்திவிடும். ஸ்பிளிட்டர் எப்போதும் பலகைக்குப் பிறகு, டிவிகளின் பக்கமாகவே இருக்க வேண்டும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 3.5 டெசிபல் (பாதிக்குச் சற்று மேல்) இழப்பைத் தருகிறது. எல்லைக்கோட்டில் இருக்கும் டிஜிட்டல் சிக்னலுக்கு அந்த இழப்பே படத்தை முழுதாக அழித்துவிடப் போதும். பழைய அனலாக் போல மங்கலாகவாவது தெரியும் என்று எதிர்பார்க்க இயலாது.

பாதையில் எந்த இடத்தில் சிக்னல் தொலைகிறது என்பதை அறிய, ஒரு டிவியைச் சுவர்ப் பலகையின் அருகில் கொண்டுவந்து, புதிய குறுகிய கேபிளால் அதன் டிவி வெளியீட்டில் நேரடியாக இணைத்துப் பாருங்கள். அங்கே சேனல்கள் தாராளமாக வந்தால், சுவருக்குள் போகும் கேபிளோ இணைப்பிகளோதான் குற்றவாளி. ஓட்டத்தின் அதிர்வில் திருகு இணைப்பிகள் தளர்வதும், மழைநீர் புகுந்து பச்சை பூப்பதும் இந்த வண்டிகளில் இயல்பு. அங்கும் வரவில்லையென்றால், சாதாரண அறை ஆன்டெனா ஒன்றை அதே டிவியில் நேரடியாகச் செருகி ஜன்னலருகே வையுங்கள். கூரை ஆன்டெனாவைவிட அது அதிகச் சேனல்களைத் தந்தால், பழுது கூரையிலோ, அங்கிருந்து இறங்கும் கேபிளிலோ, சுவர்ப் பலகையிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் படம் உடைந்தால் திசையைச் சரிபாருங்கள். சிறகு வடிவ ஆன்டெனா ஒரு பக்கத்திலிருந்துதான் நன்றாக வாங்கும். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.-யின் இணைய வரைபடத்தில் முகாமிடத்தின் முகவரியைக் கொடுத்தால், ஒவ்வொரு நிலையத்தின் திசையையும் அது உண்மையில் ஒலிபரப்பும் சேனல் எண்ணையும் காட்டும். திரையில் தெரியும் எண்ணும் உண்மையான எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2020 ஜூலையில் முடிந்த அலைவரிசை மறுசீரமைப்புக்குப் பின் யு.எச்.எஃப். எனும் உயர் அலைவரிசை நிலையங்கள் 14 முதல் 36 வரையிலான எண்களில் இயங்குகின்றன. 2 முதல் 13 வரை அதைவிடத் தாழ்ந்த அலைவரிசையான வி.எச்.எஃப். சிறிய தட்டை ஆன்டெனாக்கள் வி.எச்.எஃப். நிலையங்களைப் பிடிப்பதில் பலவீனமானவை. வாங்கும் எண்ணம் பிறகு வந்தாலும் இதை நினைவில் வையுங்கள். ஆன்டெனாவைச் சிறிது திருப்பி, சில விநாடிகள் காத்திருந்து, டிவியின் சிக்னல் தர அளவைப் பார்த்து, மீண்டும் சிறிது திருப்புங்கள். டிவிக்குள் சேனலைப் பிடிக்கும் பகுதியான டிஜிட்டல் டியூனர், சிக்னலைப் பூட்டிக்கொள்ள நேரம் எடுக்கும். வேகமாகச் சுற்றினால் சரியான திசையைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

வி.எச்.எஃப். நிலையங்கள் மட்டுமே உடைகின்றன என்றால், வண்டிக்குள் இருக்கும் எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர், யு.எஸ்.பி. சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்து அளவு உயர்கிறதா என்று பாருங்கள். இவை எழுப்பும் மின் இரைச்சல் அந்த அலைவரிசையையே அதிகம் தாக்கும். காற்றில் இலைகள் அசையும்போது மட்டும் படம் அறுந்தால், மரத்தின் மறைவிலிருந்து வண்டியைச் சில அடி நகர்த்துவதே சரியான மருந்து. ஒலிபரப்புக் கோபுரத்துக்கு மிக அருகில் நின்றால் மட்டும், எல்லாவற்றுக்கும் மாறாக, ஆம்ப்ளிஃபையரின் வலுவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிய சிக்னலும் டியூனரைத் திணறடிக்கும்.