வீரியம் கிழவருக்கா, இளசுக்கா?

கேள்வி: ஸ்காட்லாந்து செல்கிறேன். 40 ஆண்டு ஊறிய ‘காஸ்க் ஸ்ட்ரெங்த்’ சிங்கிள் மால்ட் விஸ்கியை (ஒரே வடிசாலையில் மால்ட் பார்லியில் வடித்தது) சுவைக்க அழைப்பு வந்திருக்கிறது. தொண்டையைப் பொசுக்குமா? தண்ணீர் கலந்தால் மரியாதைக் குறைவா?

பதில்: தண்ணீர் கலந்ததற்காக யாரும் உங்களை நாடு கடத்தமாட்டார்கள்! பீப்பாயிலிருந்து எடுத்ததை, தண்ணீர் விட்டு வீரியத்தைத் தணிக்காமல் புட்டியில் அடைப்பதே காஸ்க் ஸ்ட்ரெங்த். வடித்த சாராயம் பெரும்பாலும் 63.5 சதவீத ஆல்கஹாலுடன் ஓக் பீப்பாய்க்குள் போகிறது. ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிவிடும். அதற்கு ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர். (அந்த ஊர்த் தேவதைகளுக்குக் கை சுத்தமில்லை!) குளிர்ந்த, ஈரமான கிடங்கில் தண்ணீரை விட ஆல்கஹாலே வேகமாகக் குறைவதால், 40 ஆண்டில் வீரியம் 45 சதவீதம் பக்கம் இறங்கிவிடுவது சகஜம். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்காட்ச் என்று விற்கச் சட்டம் விடாது. ஆக, 60 சதவீதத்தை நெருங்கும் பத்து வயது இளசுதான் தொண்டையைப் பதம் பார்க்கும், கிழவர் சாது.

வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் ஊற்றி, உதட்டைச் சற்றே திறந்தபடி முகருங்கள். மூக்கை உள்ளே திணித்தால் ஆல்கஹால் நெடி தவிர வேறெதுவும் தெரியாது. முதல் வாய் அப்படியே குடியுங்கள். பிறகு ஸ்பூனால் இரண்டு சொட்டுத் தண்ணீர். இளசு அதிகத் தண்ணீரைத் தாங்கும்; கிழவர் தாங்கமாட்டார், மரக் கசப்புத்தான் மிஞ்சும். ஐஸ் கூடவே கூடாது, மணம் அடங்கிவிடும்.

என்னைக் கேட்டால், 25 வயதுதான் பக்குவம். அதற்கு மேல் பல புட்டிகளில் பலகை வாசனைக்கே காசு கொடுக்கிறோம்.