பெயின்ட்டைப் பார்த்து பாஸ் போடலாமா?

கேள்வி: உறவுக்காரப் பையனின் பட்டமளிப்பு விழாவுக்காகச் சேப்பாக்கம் போயிருந்தேன். முனைவர் பட்டம் வாங்குகிறவர்களின் ஆய்வுத் தலைப்புகளைப் புத்தகமாக அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒருவர் தேற்றாங்கொட்டை, ஒருவர் நண்டு ஓடு, ஒருவர் சங்கப் பாடல்களில் பறவைகள், ஒருவர் பள்ளி ஆசிரியர்களின் மன அழுத்தம். பழைய பேப்பர் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. நம் வரிப்பணத்தில் இத்தனை வகை தேவையா? புற்றுநோய் மருந்து, செமிகண்டக்டர் என்று நாலு விஷயத்தில் மட்டும் ஆராய்ச்சி செய்தால் போதாதா? என் மகள் வேறு கல்வியியலில் பிஎச்.டி. சேரப் போகிறேன் என்கிறாள்.
– ஐ.சி.எஃப்.பில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசகர், பெரம்பூர்

பதில்: ஐயா, முப்பது வருஷம் ரயில் பெட்டி கட்டியிருக்கிறீர்கள். ஒரு பெட்டி ஃபேக்டரியை விட்டு வெளியே போகும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்த்தா பாஸ் போட்டீர்கள்? வெல்டிங்கைச் சோதித்திருப்பீர்கள், பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்திருப்பீர்கள். ஆராய்ச்சிக்கு மட்டும் தலைப்பைப் படித்ததுமே ரிஜெக்ட் முத்திரை குத்திவிட்டீர்களே!

நல்லவேளை, 1950-களில் கிண்டி வளாகத்தில் என்ன நடந்தது என்ற பட்டியல் உங்கள் கைக்கு வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்காரு! வால்! வரிப்பணம்! நம் தோலையும் எலும்பையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் எப்படி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பது அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. மூன்று இழை சேர்ந்த முறுக்குக் கயிறு அது என்று 1954-ல் சொன்னது இந்தக் கிண்டிதான். ஒரு இயற்பியல்காரருக்குக் கொலாஜன் மேல் எப்படிக் கண் போனது? பக்கத்து வளாகத்தில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான். புரதச் சங்கிலி எப்படியெல்லாம் வளைய முடியும் என்று காட்ட, 1963-ல் ராமச்சந்திரன் தன் சகாக்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து போட்ட வரைபடத்தை இன்றைக்கும் உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தால், அது சரிதானா என்று அதில் வைத்துப் பார்க்கிறார்கள். நீங்கள் கேட்கும் புற்றுநோய் மருந்துக்காரரும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். தோல்காரர்கள் ஒரு காம்பவுண்டிலும் இயற்பியல்காரர்கள் அடுத்த காம்பவுண்டிலும் இருந்ததால் வந்த லாபம் இது. உங்கள் யோசனைப்படி நாலு விஷயம் மட்டும் என்றால், முதலில் வெட்டுப்பட்டிருப்பது கங்காரு வால்தான்.

இன்னொன்று, மருத்துவத்தில். மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் என்ன? தாம்பரம் சானடோரியம். காசநோய் வந்தவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து, ஊருக்கு வெளியே நல்ல காற்றில், நல்ல சாப்பாடு போட்டு மாதக்கணக்கில் படுக்க வைக்கும் இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பேர். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். (பல்கலைக்கழகம் இல்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால் உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.) அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்பச் சாதாரணம்: சானடோரியத்தில் கொடுக்கும் அதே மருந்தை வீட்டில் இருந்தபடியே சாப்பிட்டால் என்ன?

193 நோயாளிகள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் மாதிரிப் பிரித்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான குடித்தனம், போதாத சாப்பாடு. மருந்தை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சத்தை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். (நோயாளி மருந்தை விழுங்குவதை ஒருவர் கண்ணெதிரே பார்க்கவேண்டும் என்ற பாடத்தை உலகம் படித்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு.) ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கோஷ்டிக்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு அச்சாகி, உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தின் போக்கையே திருப்பியது. தாம்பரத்து ஆஸ்பத்திரி இன்னும் இருக்கிறது, மாதக்கணக்கில் படுக்க வைப்பதுதான் போய்விட்டது. கவனியுங்கள், இந்த ஆராய்ச்சியில் புது மருந்து என்று ஒன்றுமே இல்லை.

தேற்றாங்கொட்டைக்கு வருகிறேன். கலங்கல் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பானையின் உள்பக்கம் அதை உரசிவிடுவது நம் பாட்டிகள் வழக்கம். கலித்தொகையிலேயே இந்த வித்தை வருகிறது. உரசின விழுது சேற்றுத் துகள்களை ஒன்றோடொன்று சேர்க்கிறது, கனம் கூடி அடியில் உட்கார்ந்துவிடுகிறது. இது வரைக்கும் பாட்டிக்குத் தெரியும். ஒரு குடத்துக்கு எவ்வளவு உரசவேண்டும், கூடிப்போனால் என்ன ஆகும், கொட்டையின் சத்தே நாளைக்குக் கிருமிக்குத் தீனியாகுமா? பளிங்கு மாதிரித் தெரியும் தண்ணீரிலும் காலராக் கிருமி சௌக்கியமாக இருக்கும். லாரித் தண்ணீர் பிடித்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம், இதைப் போய்க் கிண்டல் செய்யலாமா? நண்டு ஓட்டைப் பற்றி ஒரே வரி: அதிலிருந்து எடுக்கும் கைட்டோசான், ரத்தப்பெருக்கை நிறுத்தும் கட்டுத்துணிகளில் இருக்கிறது. பறவைக்கு நான் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை, தமிழ்ப் பேராசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சண்டை போடுவார்கள். ஒன்று மட்டும்: இதே சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியை ஐந்து வருஷத்தில், ஒரு லட்ச ரூபாயில் முடிப்பதாகச் சொல்லி 1913-ல் இறங்கியது. முடிந்தது 1936-ல், நாலு லட்சத்துக்கும் மேலே செலவு. ஆடிட்டர் திட்டியிருப்பார். அதைப் புரட்டாமல் இன்றைக்கு ஒரு தமிழ் ஆய்வு நகராது.

அதே 1913-ல்தான் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் இருந்த ஒரு குமாஸ்தாவுக்கு, பட்டம் எதுவும் இல்லாமலே, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை தரவேண்டும், அவ்வளவுதான். "இதனால் என்ன பயன்?" என்று ஒரு கட்டம் அந்த அறிக்கையில் இருந்திருந்தால் ராமானுஜன் அதைக் காலியாகத்தான் விட்டிருப்பார்.

உங்கள் எரிச்சலில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு, அதாவது ஒரு வைவாவுக்குப் போயிருந்தேன், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். தலைப்பு ஏறக்குறைய உங்கள் பட்டியலில் இருப்பதுதான்: ஆசிரியர்களின் மன அழுத்தம். சுமார் 300 ஆசிரியர்கள், ஒரு வினாத்தாள், ஐந்தில் ஒன்றை டிக் அடிக்கவேண்டும். ஆண்-பெண், நகரம்-கிராமம், அரசு-தனியார் என்று பிரித்து, "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று ஸ்லைடுக்கு ஸ்லைடு வாசித்தார் அந்தப் பெண். தேர்வாளர் எழுத்துப்பிழை இரண்டைச் சொன்னார். கைதட்டல், சால்வை, சமோசா.

டீ குடிக்கும்போது அவரிடமே கேட்டேன்: "ஏம்மா, நீங்களும் டீச்சர்தானே, உங்களுக்கு எதனால் அழுத்தம்?" கொட்டித் தீர்த்துவிட்டார். "காலையில் முதல் பீரியட் கல்வித்துறையின் எமிஸ் ஆப்பில் வருகைப்பதிவு போடணும் சார். எங்கள் பள்ளியில் சிக்னல் மொட்டை மாடியில்தான். நான் போனை எடுத்துக்கொண்டு மேலே, முப்பத்தெட்டுப் பிள்ளைகள் கீழே. யார் தலை உடைந்தாலும் என் தலை." இது ஏன் ஆய்வேட்டில் இல்லை என்றேன். "வினாத்தாளில் அதுக்கு இடம் இல்லை சார். அது எங்கள் கைடுடைய சீனியர் தயாரித்தது." ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து, இருநூற்றுச் சொச்சம் பக்கம். விஷயம் சமோசாத் தட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஆக, ஐயா, வகை அதிகம் என்கிறீர்கள் நீங்கள். போதவில்லை என்கிறேன் நான். தலைப்பில் மாவட்டம் மாறுகிறது, பாடம் மாறுகிறது, உள்ளே அதே வினாத்தாள் ஜெராக்ஸ். நல்ல வினாத்தாளும் இந்த ஊரில் இருந்ததுதான். 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், லீவுக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் கேள்விகளைக் கொடுத்து அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு. 1918-ல் அது புத்தகமானது. அதில் வந்த இருவேல்பட்டு கிராமத்துக்கு 1930-களிலும், 1980-களிலும், 2000-களிலும் வேறு வேறு ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். ஒரே ஊரின் ஏறக்குறைய நூறு வருஷக் கணக்கு நம் கையில் இருக்கிறது, லீவுக்குப் போன மாணவர்கள் போட்ட பிள்ளையார் சுழி.

கல்வியில் இப்படி முடியாதா? கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது தமிழ்நாட்டுக் குழந்தைகள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்று சுமார் 19,000 பேரைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால். அரசுக்கும் பெற்றோருக்கும் இதைவிடப் பயனுள்ள கணக்கு என்ன வேண்டும்? அதை எழுதிய மூன்று பொருளாதார அறிஞர்கள் வேலை பார்ப்பது ஸ்டாக்ஹோமிலும் மெக்சிகோவிலும் கலிபோர்னியாவிலும். சென்னையில் எத்தனை கல்வியியல் துறைகள் என்று எண்ணிப் பார்த்தேன், கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மகளைத் தடுக்காதீர்கள். அப்ளிகேஷன் போடும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: "பள்ளிக்கூடத்தில் எதைப் பார்த்தும்மா உனக்குச் சந்தேகம் வந்தது?" ஏதாவது ஒரு வகுப்பறையை, ஒரு பிள்ளையை, ஒரு கணக்கைச் சொல்லிப் பேச ஆரம்பித்தால் ஃபீஸைக் கட்டிவிடுங்கள். "தலைப்பை கைடே கொடுத்துடுவார்ப்பா" என்றால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து கவலைப்படலாம்.