பெட்டியில் மணக்கிற டீ டம்ளரிலும் மணக்குமா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஊட்டிக்குப் போயிருந்தபோது ஒரு டீ ஃபேக்டரி கடையில் சாக்லேட் டீ, ஏலக்காய் டீ, எர்ல் கிரே மூன்றிலும் கால் கால் கிலோ வாங்கி வந்தோமுங்க. அங்கே சின்னக் கப்பில் கொடுத்தபோது அத்தனை ருசி. வீட்டில் போட்டால் வாசனையே இல்லை, கசப்புதான் மிச்சம். சரக்கை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: மாற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சின்னக் கப்பில் பாலும் சர்க்கரையும் தாராளமாக இருந்திருக்கும். குளிரில் நடந்து வந்தவருக்குச் சூடாக, இனிப்பாக எதைக் கொடுத்தாலும் ருசிக்கத்தான் செய்யும். அடுத்த முறை, “பாலும் சர்க்கரையும் போடாமல் ஒரு வாய் கொடுங்க” என்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் கடையில் கால் கிலோ வாங்க வேண்டாம், ஐம்பது கிராம் போதும்.

இனி வீட்டு விஷயத்துக்கு வருவோம். நம் பக்கம் டீ என்றால் தண்ணீரைக் கொதிக்க விட்டு, தூளைப் போட்டு, பாலை ஊற்றிப் பொங்க வைப்பதுதான். பேக்கரி டீயும் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த முறை சிடிசி தூளுக்குச் சரி. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்கிற தூள் அது. பால் எவ்வளவு விட்டாலும் நிறமும் திடமும் தூக்கி நிற்கும். ஃபிளேவர் டீயின் கதை வேறு. அதன் மணத்தில் பெரும்பங்கு இலைமேல் தெளித்த எண்ணெயிலோ எசன்ஸிலோ இருக்கிறது. எர்ல் கிரே என்றால் பெர்கமாட் என்கிற ஆரஞ்சு வகைப் பழத்தின் தோலிலிருந்து எடுத்த எண்ணெய். அந்தப் பழம் அதிகமாக விளைவது இத்தாலியின் கலாப்ரியாவில். இந்த எண்ணெய்கள் சீக்கிரம் ஆவியாகிற சாதி. திறந்த பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் அடுப்படி கமகமக்கும், டம்ளரில் ஒன்றும் இருக்காது. மணம் போன பிறகும் இலையிலிருந்து துவர்ப்பு மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்கிற கசப்பு பெரும்பாலும் அதுதான்.

இப்படிச் செய்து பாருங்கள். ஒரு டம்ளருக்கு, அதாவது 150 முதல் 180 மில்லி தண்ணீருக்கு, 2 கிராம் இலை. பெரிய இலையாக இருந்தால் டீஸ்பூனில் குவித்து எடுக்க வேண்டும், தூளாக இருந்தால் தலைதட்டி. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இலையைப் போட்டு, உடனே தட்டுப் போட்டு மூடுங்கள். இலைக்கு மூன்று நான்கு நிமிடம், தூளுக்கு இரண்டு நிமிடம். பிறகு வடிகட்டிவிட வேண்டும். இலையைத் தண்ணீரிலேயே ஊறப்போட்டு வைக்கக் கூடாது. முதல் டம்ளரை ஒன்றும் கலக்காமல் குடியுங்கள். வரக்காப்பி குடித்துப் பழகிய வீடுகளில் இது ஒன்றும் பெரிய சோதனை இல்லை. ஏலக்காய் டீக்கும் சாக்லேட் டீக்கும் அப்புறம் பால் விடலாம். எர்ல் கிரேவுக்கு விட்டால் நாலைந்து சொட்டு. அதுகூட வேண்டாம் என்பது என் கட்சி.

குடிக்கும்போது சத்தமாக உறிஞ்சுங்கள். தேயிலை ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அப்படித்தான் செய்வார்கள். காற்றும் டீயும் சேர்ந்து உள்ளே போகும்போது மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். வட்டாவில் ஊற்றிச் சர்ரென்று உறிஞ்சிய தாத்தாவை அதட்டிய வீடுகள் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். டீ ஆற ஆற இன்னொரு வாய் குடித்துப் பாருங்கள். சூட்டில் ஒளிந்திருந்த குறைகள் ஆறின டீயில் வெளியே வரும். முதலில் செயற்கை வாசனை தூக்கலாக அடித்து, பின்னால் வாயில் வெறும் துவர்ப்பு மட்டும் நின்றால், உள்ளே இருப்பது மட்டமான தேயிலை. எசன்ஸைப் போட்டு அதை மறைத்திருக்கிறார்கள்.

தண்ணீரையும் ஒரு கை பாருங்கள். போர் தண்ணியில் போட்டால் டீ கறுத்து, மேலே எண்ணெய்ப் படலம்போல ஒன்று மிதக்கும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் தேயிலைச் சத்தும் காற்றுப் பட்டுச் சேர்ந்து உண்டாவது அது. கலப்படமோ என்று பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மணத்தை அமுக்கிவிடும். கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் போட்ட டீயையும் உப்புத் தண்ணீரில் போட்ட டீயையும் பக்கத்தில் வைத்தால் ஒரே பெட்டி இலை என்று நம்ப மாட்டீர்கள். இன்னொன்று, ஊட்டி இருக்கும் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் ஊரில் 99 வரை போகும். அந்தச் சூட்டில் துவர்ப்பும் கொஞ்சம் வேகமாக இறங்கும். அதனால் இங்கே அரை நிமிடம் முன்பே வடிகட்டினால் நல்லது.

கேள்வி: லெமன் டீ பாக்கெட் வாங்கினேன். பால் ஊற்றினால் திரிகிறது. பழைய சரக்கா? (வாசகர், பல்லடம்)

பதில்: எலுமிச்சைப் புளிப்புப் பட்டால் எந்தப் பாலும் திரியும். செம்பருத்தி, உலர்பழம் கலந்த டீக்கும் இதே கதைதான். பால் இல்லாமல் குடியுங்கள். நாட்டுச்சர்க்கரை போடுகிற வழக்கமிருந்தால், பால் டீயிலும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே போடுங்கள், அதுவும் சில சமயம் பாலைத் திரித்துவிடும்.

கேள்வி: ஆன்லைனில் 25 டீ பேக் உள்ள ஃபிளேவர் டீ பெட்டி 250 ரூபாய். அதே கம்பெனியின் இலை 100 கிராம் 300 ரூபாய். பெட்டிதானே மலிவு? (வாசகி, திருப்பூர்)

பதில்: பெட்டியின் மேல் நிகர எடையைப் பாருங்கள். ஒரு பேக்கில் வழக்கமாக 2 கிராம். 25 பேக் என்றால் 50 கிராம்தான், கிராம் 5 ரூபாய் ஆகிறது. இலை கிராம் 3 ரூபாய். மேலும் டீ பேக்கில் பெரும்பாலும் தூளும் பொடி இலையும்தான் இருக்கும். சீக்கிரம் நிறம் இறங்கும், நுட்பமான மணம் எதிர்பார்க்க முடியாது. ஆபீஸ் மேஜையில் வைத்துக்கொள்ள வசதி என்றால் வாங்குங்கள், அந்த வசதிக்குத்தான் கூடுதல் காசு.

பெட்டியைத் திருப்பிப் பொருள் பட்டியலையும் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். ‘ஏலக்காய் டீ’ என்று முகப்பில் பெரிதாகப் போட்டுவிட்டு, பட்டியலில் ஏலக்காயே இல்லாமல் ஃபிளேவர் மட்டும் இருந்தால் நீங்கள் வாங்குவது எசன்ஸ் தெளித்த தேயிலை. அந்த ஃபிளேவர் இயற்கையானதா செயற்கையானதா என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். செயற்கை என்றால் விஷம் என்று பொருள் இல்லை, ஏலக்காய் விலை கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் பொருள். ரோஜா இதழும் ஆரஞ்சுத் தோலும் கலர் கலராகத் தெரிகிற கலவையிலும் ஏமாறாதீர்கள். பல சமயம் அவை கண்ணுக்கு, மணம் தனியே தெளித்தது.

ஃபிளேவருக்கு அடிப்படையாக என்ன தேயிலை சேர்த்திருக்கிறார்கள் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் (சிடிசி போலக் கிழிக்காமல், இலையாகவே சுருட்டிச் செய்வது) என்றிருந்தால் எனக்கு அந்தப் பெட்டிமேல் ஒரு மரியாதை வரும். அந்தத் தேயிலைக்கே பூ வாசம் உண்டு, பழ வாசனைகளோடு சண்டை போடாது. ஆறினாலும் கலங்காது என்பதால் ஐஸ் டீக்கும் அதைத்தான் தேடுவார்கள். 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது.

கேள்வி: சுற்றுலாத் தலத்தில் வாங்கிய மசாலா டீ தூளைத் தண்ணீரில் போட்டதுமே சிவப்பாகச் சாயம் இறங்குகிறது. யாரிடம் புகார் செய்வது? (வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் சோதித்துப் பாருங்கள். நனைத்த வடிதாளின் (ஃபில்டர் பேப்பர்) மேல் கொஞ்சம் தூளைத் தூவிச் சற்று நேரம் விடுங்கள். பிறகு தூளை அகற்றிவிட்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தூள் லேசான கறையோடு நிறுத்திக்கொள்ளும். சாயம் ஏற்றிய தூள் உடனே கறுப்பு கலந்த பழுப்பாகத் தாளில் பரவியிருக்கும். சந்தேகம் உறுதிப்பட்டால் மிச்சத் தூளைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுங்கள். பணம், பில், விலை பற்றிய புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

சிக்கல் எங்கே வரும் என்றால், சுற்றுலாக் கடைகளில் வெறும் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுக்கிறார்களே, அங்கே. பேக் செய்தவர் முகவரி, தேதி, 14 இலக்க உணவு உரிம எண், எதுவும் இருக்காது. பில்லும் இல்லையென்றால் யார்மேல் புகார் எழுதுவீர்கள்? ‘ஃபேக்டரி விலை’ என்று எத்தனை சல்லிசாகச் சொன்னாலும் லேபிள் இல்லாத கவரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: விலை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே கலக்கலாமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: தாராளமாக. ஆனைமலை மேலே வால்பாறைத் தேயிலை உங்களுக்குப் பக்கம்தானே. ஃபிளேவர் இல்லாத நல்ல இலை 100 கிராம் வாங்குங்கள். ஏலக்காய் எட்டுப் பத்தைத் தோலோடு லேசாகத் தட்டிப் போட்டு, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் ஒரு வாரம் மூடி வையுங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கிற மணத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. அதனால்தான் பெருங்காயம், மசாலா டப்பாக்கள் இருக்கும் தட்டில் அதை வைக்கக் கூடாது. ஆரஞ்சுத் தோல் போடுவதாக இருந்தால் உள்பக்க வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒடித்தால் முறிகிற அளவுக்குக் காய்ந்த பிறகு போடுங்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் டப்பா முழுக்கப் பூஞ்சை பிடித்துவிடும். இஞ்சியைக் கலந்து வைக்கவே வேண்டாம், டீ போடும்போது தட்டிப் போடுகிற பச்சை இஞ்சிக்கு எந்தப் பாக்கெட்டும் ஈடாகாது.